நடுவரும் தந்தையும்

கல்கத்தாவில் வாழ்பவரைக் கால்பந்தாட்டம் தொற்றாமல் விடுவதில்லை. முப்பது ஆண்டுகளாக இந்நகரில் வசிக்கும் எங்கள் குடும்பமும் அதற்கு விலக்கன்று. என் புதல்வர் இருவரும் உள்ளூர் ஆட்டத்தோடு நில்லாமல், தொலைக்காட்சியில் இங்கிலாந்துப் பந்தயங்களையும் தவறாது காண்பவர்கள். மூத்தவன் ஆர்செனல் அணியின் பக்தன்.

2024 ஆகஸ்டு 31, சனிக்கிழமை மாலை. லண்டனில் ஆர்செனலும் பிரைட்டனும் ஆடின. ஆர்செனல் ஒரு கோல் முந்தியிருந்தது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில், எதிரணியார் ஃப்ரீ கிக் எடுக்க முனைகையில், டெக்லன் ரைஸ் பந்தைக் காலால் சற்றே தட்டிவிட்டார். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்கு மஞ்சள் அட்டை. அது அவருக்கு இரண்டாவது ஆதலால் உடனே சிவப்பு அட்டை. ஆனால் முதற்பாதியில், ஆட்டம் நின்ற வேளையில் பிரைட்டனின் ஜோவோ பெட்ரோ பந்தைத் தொலைவாக உதைத்தபோது நடுவரின் கை சட்டைப்பையை நாடவில்லை. பின்னர் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தவரும் அவரே!

மூத்தவன் கொதித்தான். "விதியை மீறினார், தண்டனை பெற்றார். இதில் அநீதி என்ன?" என்றேன் நான்.

அவன் என்னை ஏறிட்டு நோக்கினான். "விதி சரிதான் அப்பா. சென்ற மாதம் சொல்லாமல் போய் இரவு பத்து மணிக்குத் திரும்பினேன் என்று, ஒரு வாரம் மைதானத்துக்குப் போகலாகாது என்றீர்கள். தம்பி அதையே செய்தபோது, சிரித்துக்கொண்டே அவனுக்குச் சோறு போடச் சொன்னீர்களே?" என்றான்.

நான் வாயடைத்துப் போனேன்.

நடுவர் தொழில் எளிதன்று. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய ஆட்டத்தில் எழுந்த குழப்பத்தைக் கண்ட கென் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேய நடுவரே வண்ண அட்டை முறையை எண்ணிக் கண்டார். 1970-இல் மெக்சிகோவில் அது அரங்கேறியது. இங்கிலாந்து லீக் 1976-இல் அதனை ஏற்று, 1981-இல் கைவிட்டு, 1987-இல் மீண்டும் ஏற்றது. 2019-இல் பிரீமியர் லீகில் காணொளி நடுவரும் வந்தார். ஆயினும் அன்றிருந்த முறைப்படி மஞ்சள் அட்டை விஷயத்தில் அவர் தலையிட இயலாது. எத்தனை கருவிகள் வந்தாலும், ஒரே பிழையை இருவரிடத்தும் ஒரே கண்ணால் காண்பது மனிதன் பொறுப்பாகவே எஞ்சுகிறது.

ஆட்டத்தைத் தாமதப்படுத்தும் குற்றம் கால்பந்துச் சட்டத்தின் 12-ஆம் விதியில் அடங்கும். திருக்குறளின் 12-ஆம் அதிகாரமோ நடுவுநிலைமை! தற்செயலான ஒற்றுமைதான், எனினும் அன்றிரவு அது என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் காலை இருவரையும் அழைத்தேன். "உனக்கு அளித்த தண்டனை தவறன்று, தம்பிக்கு அளிக்காததே தவறு. அத்தவறு என்னுடையது" என்று மூத்தவனிடம் சொன்னேன். தந்தை பிழையை ஒப்புக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கமன்று. அவன் தலை குனிந்து நின்றான்.

இரு வாரங்கள் கழித்து இளையவன் மீண்டும் சொல்லாமல் போய்த் தாமதித்து வந்தான். அவனுக்கும் ஒரு வாரம் மைதானம் இல்லை என்றேன். அவனுக்காகப் பரிந்து பேச வந்தவன் யார் தெரியுமா? மூத்தவனே! நான் இணங்கவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை, புன்னகையோடு திரும்பிச் சென்றான்.