அரளி இலையின் அடியில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி அடிவாரத்தில், மலர்களுக்குப் பெயர்பெற்ற தோவாளையை அடுத்து ஒரு சிற்றூர். அங்குள்ள வீடொன்றின் புறவாசலில் முப்பது செவ்வரளிச் செடிகள் வரிசையாய் நிற்கின்றன. விடியுமுன் மொட்டுகளைக் கொய்து தோவாளைப் பூச்சந்தைக்குக் கொண்டுசெல்வது அவ்வீட்டு முதியவரின் தொழில். அவ்வருவாயில்தான் அவருடைய பேத்தி பதினோராம் வகுப்புப் படிக்கிறாள்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலை. அரளி இலைகள் அரிக்கப்பட்டிருப்பதைக் கண்ட முதியவர் மருந்து தெளிக்க ஆயத்தமானார். அப்போது ஓர் இலையின் அடியில் தொங்கிய பொருளொன்று பேத்தியின் கண்ணில் பட்டது. ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம். கண்ணாடிபோல் வெள்ளி ஒளி வீசியது. குனிந்து நோக்கிய அவள் முகம் அதில் வளைந்து தெரிந்தது. மாலையில் கட்டும் சரிகை மணியோ என எண்ணித் தொட்டாள். அது மெல்ல அசைந்தது.

“இன்னைக்கு மருந்து அடிக்காண்டாம் பாட்டா. இது என்னன்னு பாத்துச் சொல்லுகேன்.”

அது கூட்டுப்புழு என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால், எதனுடையது? கறிவேப்பிலை மரத்தில் முன்பு அவள் கண்ட கூட்டுப்புழு பச்சை நிறம். பட்டு நூலை இடுப்பில் கச்சையாய்க் கட்டித் தலை மேல்நோக்க நின்றது. இதற்கோ கச்சை இல்லை; வால் நுனியால் இலையைப் பற்றித் தலைகீழாய்த் தொங்கியது. பக்கத்துக் கிளையில் இலை தின்ற புழுவின் உடலில் கறுப்பு வெள்ளை வளையங்களும் நான்கு இணைக் கரிய இழைகளும் இருந்தன. இவற்றைக் குறித்துக்கொண்டு மறுநாள் பள்ளி நூலகத்தின் கையேட்டோடு ஒப்பிட்டாள். விடை கிடைத்தது: வெண்புள்ளிக் கருப்பன். நச்சுத்தன்மையுள்ள அரளி இலையே அதன் புழுவுக்கு உணவு. கூட்டின் ஒளி உலோகத்தால் வந்ததன்று. தோலில் அடுக்கடுக்காய் அமைந்த நுண்படலங்கள் ஒளியை எதிரொளிப்பதால் வந்தது.

உண்ணும் செடியோடு சேர்த்தே புழுவை அறியும் முறைக்கு முன்னோடி, ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மெரியன். 1660இல், பதின்மூன்றாம் வயதில், பட்டுப்புழுக்களைக் கவனிக்கத் தொடங்கியவர் அவர். 1679இல் வெளியிட்ட நூலில் புழு, கூட்டுப்புழு, பூச்சி மூன்றையும் அவற்றின் உணவுச்செடியோடு ஒரே படத்தில் தீட்டினார். பூச்சிகள் சேற்றிலிருந்து தாமே தோன்றுகின்றன எனப் பலரும் நம்பிய காலம் அது.

பேத்தி சொன்னதைக் கேட்ட முதியவர், “மொட்டைத் திங்குமா?” என்று மட்டும் வினவினார்.

“இலையைத்தான் திங்கும் பாட்டா.”

“இலை போனா தளிர்க்கும். வேலியோரத்து ரெண்டு செடிய விட்டுத்தாறேன் மக்களே.”

புழுக்களை இலையோடு எடுத்து அவ்விரு செடிகளுக்கு மாற்றினாள். தெளிப்பான் மீண்டும் தொழுவத்திற்குள் சென்றது.

ஒன்பதாம் நாள் கூட்டின் வெள்ளி மங்கிக் கருமை படர்ந்தது. தோலினூடே வெண்புள்ளிகள் தெரிந்தன. மறுநாள் காலை, சந்தையிலிருந்து முதியவர் திரும்பியபோது கூடு பிளந்திருந்தது. வெளிவந்த பூச்சி வெற்றுக்கூட்டைப் பற்றித் தொங்கியபடி, சுருங்கிய சிறகுகளை மெல்ல விரித்து உலர்த்தியது. பின்னர் மலையை நோக்கிப் பறந்தது. எஞ்சிய கூட்டில் ஒளி இல்லை.

முதியவர் எதுவும் கூறவில்லை. அடுத்த நாள் விடியுமுன் மொட்டுக் கொய்யச் சென்றவர், வேலியோரத்துச் செடிகளின் இலைகளைக் கைவிளக்கின் ஒளியில் ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.