கேமராவுக்கு எங்கே இடம்?

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் வயிற்றுப்புண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்து பேர் வாங்கியவர் டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல். 1924 ஜூன் 4ஆம் தேதி அவர் எவரெஸ்டின் வடபுறத்தில், ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில், மேலே ஏற முடியாமல் நின்றுவிட்டார். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. தொண்டை அடைத்து மூச்சு விடுவதே சிரமமாகிவிட்டது. கூட ஏறிய நார்ட்டனை மேலே போகச் சொல்லிவிட்டு, தனியாகப் போகும் அவரைப் படமெடுத்தார். பாறைச் சரிவில் நகரும் ஒற்றை ஆள். மலையேற்ற வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் படத்தை இன்றும் அச்சிடுகிறார்கள். சாமர்வெல் அந்தப் பயணத்துக்குக் கொண்டுபோயிருந்தது கோடாக் நிறுவனம் 1912இல் கொண்டுவந்த ‘வெஸ்ட் பாக்கெட்’ கேமரா. மடக்கினால் ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமன். மார்புப் பையில் அடங்கிவிடும். உச்சியை நோக்கிக் கிளம்பிய மேலரிக்கு அதை இரவல் கொடுத்தார். ஜூன் 8ஆம் தேதி மேலரியும் அவரோடு ஏறிய இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். 1999இல் மேலரியின் உடல் கிடைத்தது. 2024இல் இர்வினின் பூட்ஸும் அதற்குள் அவருடைய பாதமும் கிடைத்தன. கேமரா மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

“மலைக்குப் போறேன், வெயிட் இல்லாத கேமரா ஒண்ணு சொல்லுங்க” என்று யாராவது கேட்டால் எனக்குச் சாமர்வெல் ஞாபகம்தான் வரும். கிராம் கணக்குப் பார்த்துப் பை கட்டுகிறவர்கள் ட்ரெக்கிங்கில் நிறையப் பேர். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிக்கொள்கிறவர்கள்கூட உண்டு. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். முதுகில் பன்னிரண்டு கிலோவோடு ஏற்றத்தில் போகும்போது கடைசி அரைக் கிலோ என்ன பாடுபடுத்தும் என்பது ஏறினவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் திருப்பிக் கேட்பது எடையைப் பற்றியல்ல. கேமராவை உடம்பில் எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

பெரும்பாலும் “பைக்குள்ளதான்” என்பார்கள். பைக்குள் போன கேமரா முதல் நாள் காலையில் நாலு முறை வெளியே வரும். மத்தியானம் ஒரு முறை. மறுநாள் முகாமில்தான். படம் எடுக்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும், இடுப்பு பெல்ட்டைக் கழற்ற வேண்டும், பையை இறக்கி மழை உறையை விலக்கி ஜிப்பைத் திறக்க வேண்டும். அதற்குள் கூட வந்தவர்கள் அடுத்த வளைவைத் தாண்டியிருப்பார்கள். புல்மேட்டில் நின்ற வரையாடு பாறைக்குப் பின்னால் போயிருக்கும். உள்ளே இருப்பது முந்நூறு கிராமா இரண்டு கிலோவா என்பதில் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை.

கழுத்து வசதியான இடம்தான், தரை சமமாக இருக்கும்வரை. அகத்தியர் மலைக்குப் போணக்காட்டிலிருந்து போகும் வழியில், அதிருமலை முகாமைத் தாண்டி உச்சிக்குக் கிட்டே, வழுக்குப் பாறைகளில் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றைப் பிடித்து உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து ஏற வேண்டும். கழுத்தில் தொங்கும் கேமரா முன்னால் ஊஞ்சலாடிப் பாறையில் இடிக்கும். எங்களோடு வந்த காணிப் பழங்குடி வழிகாட்டி, என் நண்பரை நிறுத்தி, “சாரே, அத உள்ள வைங்க. இங்க ரெண்டு கையும் வேணும்” என்றார். நண்பர் பைக்குள் வைத்துவிட்டார். இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஒரு திட்டில் மூச்சு வாங்க நின்றபோது மேகம் கிழிந்து, கீழே திருநெல்வேலிப் பக்கத்துக் காடு முழுக்கத் தெரிந்தது. ஒரு நிமிஷம் இருக்குமா, சந்தேகம்தான். என் கேமரா பையின் இடது தோள்வாரில், உலோகக் கிளிப்பில், லென்ஸ் கீழே பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் பொத்தானை அழுத்தி மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். மறு கையைக் கயிற்றிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

தோள்வாருக்கு ஓர் அளவு உண்டு. என் அனுபவத்தில் முக்கால் கிலோவுக்கு மேல் போனால் வார் ஒரு பக்கமாக இழுக்கிறது, சாயங்காலம் அந்தத் தோள் மட்டும் வலிக்கிறது. நிக்கான் டி850 அருமையான கேமரா. பாடி மட்டும், பேட்டரியும் கார்டும் சேர்த்து, 1,005 கிராம். அதோடு அதன் 24-70 எஃப்2.8 விஆர் லென்ஸ் 1,070 கிராம். இரண்டு கிலோவைத் தோள்வாரில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஏற முடியாது. ஒலிம்பஸ் இ-எம்5 மூன்றாம் பதிப்பு 414 கிராம், அதற்கான 12-45 எஃப்4 லென்ஸ் 254 கிராம். சேர்த்து 668. இரண்டும் மழைச் சாரலுக்குத் தாங்கும். சென்சார் சின்னது, அதனால்தான் லென்ஸும் சின்னது. இருட்டில் படம் கொஞ்சம் மணல் மணலாகத் தெரியும், பின்னணி அவ்வளவாகக் கலங்காது. மலைக்காட்சிக்கு அந்தக் குறைகள் பெரிதாகத் தெரிவதில்லை. முன்னாலிருக்கும் கல்லும் பின்னாலிருக்கும் சிகரமும் இரண்டுமே துல்லியமாக விழ வேண்டும் என்றுதானே நாம் அங்கே ஆசைப்படுகிறோம்?

இடுப்பு பெல்ட்டின் சின்னப் பையிலோ சட்டைப்பையிலோதான் வைப்பேன் என்பவர்களுக்கு முந்நூறு கிராம் அளவில் தேட வேண்டும். ரிக்கோ ஜிஆர் மூன்று 257 கிராம்; அந்த எடையில் அவ்வளவு பெரிய சென்சார் வைத்த கேமரா அரிது. ஆனால் ஜூம் கிடையாது, ஒரு பேட்டரிக்கு இருநூறு படம்தான். வியூஃபைண்டரும் இல்லை. பனிமேட்டில் நடுப்பகல் வெயிலில் பின்திரை வெறும் கறுப்புக் கண்ணாடியாகிவிடும் என்பதைக் கடையில் நின்று பார்த்தால் யாராலும் ஊகிக்க முடியாது. சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பு 302 கிராம். 24 முதல் 200 வரை ஜூம், மேலே எழும்பும் குட்டி வியூஃபைண்டரும் உண்டு. மழைக்காலத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் போகிறவர் என்றால் ஒலிம்பஸ் டஃப் வரிசையைச் சொல்வேன். டிஜி-6 கால் கிலோதான், 15 மீட்டர் தண்ணீருக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது. சென்சார் போனில் இருப்பது போலச் சின்னது என்பது உண்மை. ஆனால் அடை மழையில் ஓடையைத் தாண்டும்போது எடுக்க முடிகிற கேமரா அது.

போன் போதாதா என்ற கேள்வியும் நியாயமானதே. நல்ல வெளிச்சத்தில் போதும். ஈரக் கையை அதன் திரை மதிக்காது, கையுறை போட்ட விரலையும் பெரும்பாலும் மதிக்காது. வழி காட்டும் வரைபடமும் அவசர அழைப்பும் அதே பேட்டரியை நம்பி இருக்கின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே மலையில் படத்துக்குத் தனிக் கருவி வேண்டும் என்பேன்.

அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பை சுமந்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இந்த இட விஷயத்தில் கெட்டிக்காரர்கள். தோளில் துப்பாக்கி; திரும்பும்போது முதுகில் இறைச்சி. மார்பு பைனாகுலருக்கு. அதற்கென்று ஓர் உறையை மார்போடு வார் கட்டி இறுக்கியிருப்பார்கள். மூடியைத் திறந்தால் கண்ணுக்கு வந்துவிடும். கேமராவுக்கு மிஞ்சுவது இடுப்புப் பை மட்டும், அதனால் பாக்கெட் கேமராவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதற்குப் பின்வந்த திருத்தங்களாலும் வேட்டைத் துப்பாக்கிக்கு வேலையில்லாமல் போயிற்று. அதனால் நம் தோளும் மார்பும் கண்ணாடிக் கருவிகளுக்கு முழுசாகக் கிடைக்கின்றன. பறவை பார்க்கிறவர் என்றால் மார்பை பைனாகுலருக்கு விட்டுவிட்டுத் தோள்வாரைக் கேமராவுக்குக் கொடுங்கள்.

எடையே கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மா. கிருஷ்ணனுக்கு என்ன பதில் சொல்வது? நாவலாசிரியர் மாதவையாவின் மகன், யானைகளைப் பல ஆண்டுகள் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் லென்ஸ் என்று தானே சேர்த்துக் கட்டிய பிரம்மாண்டமான கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேர் வைத்திருந்தார். காட்டுக்கு அவர் போனதே படத்துக்காக. நாலு நாள் பாதையை நடந்து முடிக்கப் போகிறவரின் கணக்கு வேறு.

எடையில் மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தைப் பேட்டரிக்குச் செலவழிக்கலாம். கஞ்சன்ஜங்காவைப் பார்க்கப் போகும் சந்தக்பூ 3,636 மீட்டர்தான். ஆனாலும் விடியற்காலைக் குளிரில், ராத்திரி முழுசாக இருந்த பேட்டரி பாதியாகக் காட்டும். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்து, படுக்கும்போது ஸ்லீப்பிங் பேக்குக்குள் கூடவே போட்டுக்கொள்ள வேண்டும். கஞ்சன்ஜங்காவில் வெயில் ஏறுகிற அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சூடான பேட்டரி ஒன்று கையில் இருக்கும். குளிர்ந்த கேமராவை அப்படியே சமையல் கூடாரத்துக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூத்துவிடும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, பிறகு உள்ளே கொண்டுபோனால் நீர் கவரின் மேல் படியும். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கேமராவாகப் பார்த்து வாங்கினால் தனிச் சார்ஜர் வேண்டாம், பவர் பேங்க் ஒன்றே போதும்.

கடைக்குப் போகும்போது மலைக்குக் கொண்டுபோகும் பையையும் கொண்டுபோங்கள், வெறும் பையாக இல்லாமல் உள்ளே சாமான் வைத்து. முதுகில் மாட்டி, இடுப்பு பெல்ட்டை இறுக்கி, மழைக்கோட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஒவ்வொரு கேமராவையும் நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் வைத்து, ஒரு கையால் எடுத்து, ஆன் செய்து, கண்ணுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிறகு கீழே பார்க்காமல் அதே இடத்தில் திருப்பி வைத்துப் பாருங்கள். எடுக்கிறது எல்லாருக்கும் வரும். திருப்பி வைக்கிறதில்தான் பாதிக் கேமராக்கள் கழிந்துபோகும். மீதியிருப்பதில் விலை பார்த்துக்கொள்ளலாம்.