ஓடுகிற இடமும் பார்க்கிற இடமும்

கணியம்பாடியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே எங்கோ இருக்கிற சர்வரில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சவ்வாது மலைப் பக்கம் இடி இறங்கினால் கரண்ட் போகும், இணைப்பு அறும். ஆனாலும் சர்வரில் தொடங்கிய வேலை நிற்பதில்லை. டிமக்ஸ் என்ற நிரல் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆலிவர் லாமனும் கார்ஸ்டன் போர்மனும் 1987-இல் எழுதிய ஸ்கிரீன் என்ற நிரல் போட்ட பாதை அது. அந்தப் பாதையில் 2007-இல் நிக்கோலஸ் மாரியட் டிமக்ஸைக் கொண்டுவந்தார்.

எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் டிமக்ஸில் திரையை மூன்று கட்டங்களாக, அதன் மொழியில் பேன்களாகப் பிரித்திருந்தான். ஒன்றில் டேட்டாபேஸ் பேக்கப், ஒன்றில் லாக், மூன்றாவதில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். பேக்கப் ஸ்கிரிப்ட் முடிந்ததும் தன் பேனின் தலைப்பை ‘முடிந்தது’ என்று மாற்ற வேண்டும். மாற்றியது, ஆனால் அவன் எழுதிக்கொண்டிருந்த பேனில். "ஏன் தாத்தா இங்கே வந்தது?" என்றான்.

எந்தப் பேன் என்று சொல்லாமல் கட்டளை கொடுத்தால் டிமக்ஸ் அப்போது கர்சர் நிற்கிற பேனைத்தான் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் எந்தப் பேனில் ஓடுகிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

இதை நான் மனிதர்களிடமும் ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறேன், தம்பி. கல்யாண வீட்டில் சமையற்கட்டில் வேகிறவர் ஒருவர், பந்தியில் "நல்ல சாம்பார்" என்ற பேர் வாங்குகிறவர் இன்னொருவர். கண்ணெதிரே நிற்பவரைச் செய்தவராக எண்ணிவிடுகிறோம். அது அநியாயம். யார் செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய மனுஷத்தனம் அல்ல, கடமை.

டிமக்ஸில் கேட்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பேனும் பிறக்கும்போதே %3, %7 என்று ஓர் அடையாளம் பெறுகிறது. உள்ளே ஓடும் நிரலுக்கு அது ‘டிமக்ஸ்_பேன்’ என்ற சூழல் மாறியில் கிடைக்கும். திரையில் தெரியும் 0, 1, 2 என்ற வரிசை எண்ணை நம்பாதே. பக்கத்துப் பேனை மூடினாலும் இடம் மாற்றினாலும் அது மாறிவிடலாம். %3 மட்டும் வேறு விண்டோவுக்குப் போனாலும், இணைப்பு அறுந்து திரும்ப வந்தாலும் %3-தான். அந்தப் பையன் தலைப்பு மாற்றும் கட்டளையில் எந்தப் பேன் என்று சொல்லும் ‘-டி’ போட்டு, பக்கத்தில் அந்த மாறியை எழுதினான். அடுத்த முறை ‘முடிந்தது’ பேக்கப் ஓடிய பேனிலேயே வந்தது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். குறித்த நேரத்தில் க்ரான் எழுப்பிவிடும் வேலைக்குப் பேனே கிடையாது. நிர்வாகி உரிமைக்காக ‘சூடோ’ போட்டு ஓட்டினால் வழக்கமான அமைப்பில் அந்த மாறி உள்ளே போவதில்லை. ஆகவே மாறி காலியா என்று ஸ்கிரிப்ட் முதலில் பார்க்கட்டும். காலியாக இருந்தால் தலைப்பைத் தொடாமல் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகட்டும்.