பழைய கார்களும் பழகாத கைகளும்

வலிகாமத்துச் சந்தியொன்றின் அருகே, வேப்பமர நிழலில், மொறிஸ் மைனர் கார் ஒன்று பொனற் திறந்தபடி நிற்கின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கின்றது. எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் நீண்ட திருப்புளியின் நுனியை என்ஜினின்மேல் ஊன்றி, அதன் மரக் கைப்பிடியைத் தம் செவியோடு பொருத்திக் கண்மூடி நிற்கின்றார். வைத்தியர் நோயாளியின் நெஞ்சிலே குழல் வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் இவ்வாறே கேட்டு வந்திருக்கின்றார். வால்வின் இடைவெளி கூடினால் மெல்லிய, விரைவான தட்டொலி எழும். பிஸ்ரன் தேய்ந்திருந்தால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒலித்துச் சூடேறியதும் அடங்கிவிடும். அடித்தண்டின் பெயாறிங் பழுதுற்றாலோ, கார் மேட்டில் ஏறும்போது கனத்த, மந்தமான அடி கேட்கும். இவற்றையெல்லாம் நூலிலும் படிக்கலாம். ஆனால் நூல் ஒலிப்பதில்லை. ஓரொலியை மற்றோர் ஒலியிலிருந்து பிரித்தறியும் செவி, ஆண்டுக்கணக்காக ஒருவர் அருகே மற்றொருவர் நின்று பெறுவது. அவ்வாறு நிற்பதற்கு இப்போது இளைஞர் வருவதில்லை என்பதே பழைய கராச்சுகள் எங்கும் கேட்கும் குறை.

இக்குறையை ஆராய்வதற்கு முன், இத்தொழில் இம்மண்ணில் எவ்வாறு வேரூன்றியது என்பதை நோக்குதல் வேண்டும். ஒஸ்ரின் ஏ-40, ஏ-55 கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய ஆங்கிலேயக் கார்கள் 1950களில் இலங்கை வீதிகளில் மலிந்திருந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், இருந்த கார்களையே ஓட்டவேண்டிய நிலை நீடித்தது. புதிய உறுப்புக் கிடைக்காதபோது கடைச்சற் பட்டறைக்குச் சென்று இரும்பைக் கடைந்து உறுப்பாக்கினர். பிளக்கின் இடைவெளியை அளக்கத் தகடு இல்லாதவர், இரும்பு அரியும் வாளின் அலகையே செருகிப் பார்த்தனர். அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கான அவ்வலகின் தடிப்பும், மொறிஸ் மைனரின் பிளக்குக்கு வேண்டிய இடைவெளியும் ஒன்றே. ஆகவே இதனைத் தற்செயல் வித்தை என்று தள்ளிவிட முடியாது.

இவ்வறிவின் முழுப் பெறுமதியும் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின்னரே வெளிப்பட்டது. வடக்கிற்குச் செல்லும் பொருள்கள்மீது விதிக்கப்பட்ட தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அப்போது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொல்வது எளிது. குளிர்ந்த என்ஜினுள் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எனவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குக் கொடுத்து என்ஜினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பெற்றோலைப் போலன்றி அது அழுத்தத்தின்கீழ் முன்கூட்டியே வெடிக்கும் இயல்புடையது. ஆகையால் தீப்பொறி பாயும் கணத்தைச் சற்றுப் பின்தள்ளவேண்டும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனை அடிக்கடி மாற்றாவிடின் பெயாறிங்குகள் உருகிப்போகும். அழுத்த விகிதம் குறைந்த பழைய ஒஸ்ரின்களே இத்தகைய வாழ்வுக்கு இணங்கின. வெண்புகை கக்கியபடி அவை நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குரியோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றன. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது அச்சனத்திரளின் நடுவே ஊர்ந்தவற்றுள்ளும் அவை இருந்தன. அக்கார்களை ஓடச்செய்த கைகளுக்கு எவரும் சான்றிதழ் வழங்கியதில்லை.

அத்தகைய தொழிலை இன்றைய இளைஞர் ஏன் நாடவில்லை? “அவர்களுக்குப் பொறுமை இல்லை” என்பது முதியோர் எளிதிற் கூறிவிடும் விடை. அது பாதி உண்மையும் அன்று. கராச்சிற் சேர்ந்த சிறுவன் முதலாண்டு முழுவதும் ஸ்பனர் எடுத்துக் கொடுத்தும், மண்ணெண்ணெயில் உறுப்புகளைக் கழுவியும், ஏச்சு வாங்கியும் காலம் கழித்தான். சம்பளம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இருந்ததில்லை. நுட்பமான வேலை வரும்போது சிறுவனைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டுத் தாம் தனியே செய்து முடித்த ஆசான்மாரும் இருந்தனர். மறைத்து வைத்த வித்தைக்கு இன்று வாரிசு இல்லையென வருந்துவோர் அந்தத் தேநீர்க் கோப்பைகளையும் கணக்கிற் சேர்த்தல் நன்று.

மேலும், கார்களும் மாறிவிட்டன. எரிபொருளை அளந்து செலுத்தவும் தீப்பொறியின் கணத்தை நிருணயிக்கவும் இன்று கணினி உண்டு. பழுது ஏற்பட்டால் கருவியைப் பொருத்தி இலக்கத்தை வாசிக்கிறார்கள். இலக்கம் சுட்டும் உறுப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுகிறார்கள். இதுவும் அறிவே. கலப்பு மின் கார் ஒன்றின் மின்கலத்தொகுதியைப் பிரித்துப் பழுதுற்ற கலங்களை மட்டும் மாற்றும் இளைஞனைத் திறனற்றவன் எனக் கூறுவது அநியாயம். எனினும் அவன் கையாளும் பொருள் தன்னைத் திறந்துகாட்டுவதில்லை. தான் காட்ட விரும்பிய இலக்கத்தை மட்டுமே காட்டுகின்றது.

விந்தை யாதெனின், பழைய கார்களுக்கு விலை குறையவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழிதிறந்தது. இடைப்பட்ட காலத்தில் வீதியில் ஓடிய எந்த வாகனமும் வாங்கிய விலையைவிட அதிகம் பெற்றது. மொறிஸ் மைனருக்கோ உறுப்புகளும் அருகிவிடவில்லை. இங்கிலாந்தில் அவை இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அந்நாட்டின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையமொன்றின் கூட்டுறவால், அக்காரின் தகட்டுறுப்புகள் இலங்கையிலேயே கையால் அடித்து உருவாக்கப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான காலமும் உண்டு. ஆக, இரும்புக்கும் பணத்துக்கும் குறைவில்லை. குறைவது வேறொன்று.

வேப்பமர நிழலில் நிற்கும் முதியவர் கண்ணைத் திறந்து திருப்புளியைக் கீழே வைத்தார். அவருடைய வலச் செவி சில ஆண்டுகளுக்கு முன்னரே ஓய்ந்துவிட்டது. இப்போது இடச் செவியும் மெல்லொலிகளை விட்டுவிடுகின்றது. இதனை அவர் எவருக்கும் சொல்லவில்லை. கார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. காலையிற் கொண்டுவந்து விட்டவர், “ஏதோ தட்டுது” என்று மட்டும் கூறிச் சென்றிருந்தார்.

மகளின் மகன் விடுமுறைக்கு வந்து, திண்ணையில் இருந்தான். கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடத்தில் மூன்றாம் வருடம் பயிலுபவன். கராச்சில் அவனுக்கு ஈடுபாடு இருந்ததில்லை. அவனை ஈடுபடுத்த அவரும் முயன்றதில்லை.

“தம்பி, இதை ஒருக்கால் காதிலை வைச்சுச் சொல்லு.”

அவன் வைத்துக் கேட்டான். “தையல் மெசின் மாதிரி ஒரு சத்தம், அம்மப்பா.”

“உறுக்கி விட்டால் கனக்குதோ?”

அக்சிலறேற்றரை அழுத்திப் பார்த்தான். “இல்லை. கெதியாகுது, அவ்வளவுதான்.”

“சூடேறினாப் பிறகும் கேக்குதோ?”

“இப்பவும் கேக்குது.”

செவி ஒருவனிடமும் சொற்கள் மற்றவரிடமுமாக நோய் கண்டறியப்பட்டது. என்ஜினை மாலைவரை ஆறவிட்டு மேல்மூடியைக் கழற்றினர். எட்டு வால்வுகளில் ஐந்தாவதன் இடைவெளி மிகுந்திருந்தது. அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இருக்கவேண்டிய இடம் அது.

“அஞ்சைச் சரிபாக்க வேணுமெண்டால் நாலாவது முழுக்க அமந்திருக்க வேணும். ஒண்டுக்கு எட்டு, ரெண்டுக்கு ஏழு. எப்பவும் கூட்டினால் ஒன்பது வரும்.”

பேரன் நிமிர்ந்தான். சிறிது நேரம் யோசித்தான். பின்பு தரையிலே கரித்துண்டால் 1, 3, 4, 2 என எரியும் ஒழுங்கை எழுதி, ஏன் ஒன்பது வருகின்றது என்று விளக்கினான். அறுபது ஆண்டுகளாகப் பயன்படுத்திய விதிக்கு ஒரு காரணம் இருந்தது என்பதை முதியவர் அன்றுதான் அறிந்தார். இத்தகைய விதியொன்று உண்டு என்பதைப் பேரனும் அன்றுதான் அறிந்தான். அவர் கைகாட்ட, அவன் ஸ்ராட்டிங் கைபிடியைச் செருகி என்ஜினை மெல்லச் சுழற்றினான்; நாலாவது அமர்ந்ததும் நிறுத்தினான். மெல்லிய தகட்டை அவனே செருகி, அவனே முடுக்கினான். முதன்முறை இறுகிவிட்டது. இரண்டாம் முறையும் சரியாகவில்லை.

பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. அன்று பார்த்தது வால்வு மட்டுமே. காபுரேற்றர் இருக்கின்றது, தீப்பொறியின் கணத்தை அமைப்பது இருக்கின்றது.

மூடியைப் பூட்டி என்ஜினை மீண்டும் இயக்கினர். அவன் கேளாமலே திருப்புளியை எடுத்து நுனியை ஊன்றிக் காதிலே வைத்தான். முதியவர் எதிரே நின்று அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.