நிறுத்திய கை

சவளக்கடையில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரிலே, செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்த முகம்மது அலியின் படமொன்று நெடுங்காலமாகத் தொங்குகின்றது. கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவி, கல்முனைக்குப் போக வழியற்றிருக்கும் மாரி நாட்களில், மூத்தாப்பா அப்படத்தின் கீழிருந்து ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "அலி தோற்கல்ல மகனே, நிப்பாட்டிப் போட்டானுகள்" என்பதே அதன் முடிவு.

அவர் குறிப்பிடுவது 1980 ஒக்டோபர் 2 ஆந் திகதி லாஸ் வேகாஸில் லரி ஹோம்ஸுடன் நிகழ்ந்த போட்டியை. அப்போது அலிக்கு வயது 38. பத்துச் சுற்றுகள் அடி வாங்கி ஆசனத்தில் வந்தமர்ந்த அவரை மீண்டும் எழவிடாது போட்டியை நிறுத்தச் செய்தவர் எதிரியல்லர். அவருடைய சொந்தப் பயிற்றுநர் அஞ்சலோ டண்டி. 1975 இல் மணிலாவில் ஜோ பிறேசியரை, அவர் மறுத்துங்கூடப் பதினைந்தாஞ் சுற்றுக்கு விடாது தடுத்தவரும் பிறேசியரின் பயிற்றுநரான எடி ஃபட்ச்தான். அந்த நிறுத்தத்தால் வென்றவர் அலி என்பதை மூத்தாப்பா ஏனோ கதையிற் சேர்ப்பதில்லை.

ஹோம்ஸ் போட்டியின் மத்தியஸ்தர் றிச்சட் கிறீன். 1982 நவம்பர் 13 ஆந் திகதி, அதே நகரில், றே மன்சினியும் கொரிய வீரர் கிம் டுக் கூவும் மோதியபோதும் அவரே மத்தியஸ்தர். பதினான்காஞ் சுற்றில் விழுந்த கிம், கயிற்றைப் பற்றி எழுந்து நின்றார். கிறீன் உடனே நிறுத்தினார். ஆயினும் காலங் கடந்துவிட்டது. சில நாட்களில் கிம் இறந்தார். உலகக் குத்துச்சண்டை அவை 15 சுற்றுகளை 12 ஆகக் குறைத்தது அதன் பின்னரே.

என் மச்சான் எங்கள் பீடத்துக்காகக் களமிறங்கியபோது அவனுடைய மூலையில் துவாயுடன் நின்றவன் நான். மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. முதற் சுற்று முடிந்து வந்தமர்ந்தவனுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவன் வாய் போத்தலை விட்டு வேறொரு திசையிலே திறந்தது. அதை நான் கண்டேன். கண்டும், நம்மூர்ப் பொடியன்மார் அவன் பெயரைக் கூவிக்கொண்டிருந்த அந்த இரைச்சலில், முகத்தைத் துடைத்து, "இன்னும் ரெண்டு சுற்றுத்தான் மச்சான்" என்று அனுப்பிவைத்தேன்.

இரண்டாஞ் சுற்றில் விழுந்தான், எழுந்தான். எட்டு வரை எண்ணிய மத்தியஸ்தர் அவன் கண்களை உற்று நோக்கி, முன்னே வரச் சொன்னார். வந்தான், ஆனால் சற்றுப் பக்கவாட்டாக வந்தான். அவர் இரு கைகளையும் வீசிப் போட்டியை நிறுத்தி, அவனைத் தம் தோளோடு சாய்த்துக்கொண்டார். முன்பின் அறியாத ஒருவர் சில நொடிகளிற் கண்டதை, அவனோடு ஒரே சகனிற் சோறுண்டு வளர்ந்த நான் ஒரு நிமிடம் முழுவதும் பார்த்தும் மறைத்திருந்தேன்.

அன்றிரவு விடுதியில் அவன் கேட்டான்: "நான் எழும்பி நிண்டேன்தானே? நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தாய்?"

"ஓம், அந்தாள் அவசரப்பட்டுட்டார்" என்றேன்.

விடுமுறைக்கு ஊர் வந்ததும் அலியின் படத்தின் கீழிருந்து அதையே மூத்தாப்பாவிடம் சொன்னான். என்னையே சாட்சிக்கும் அழைத்தான். நான் தலையாட்டினேன். மூத்தாப்பாவுக்கு மிகுந்த திருப்தி.

கிம்மும் எழுந்துதான் நின்றார் என்று சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். இப்போது அவன் காலையிலே வயல் வரம்புகளில் ஓடிப் பயிற்சி செய்கிறான். அடுத்த போட்டிக்கும் மூலையில் நானே நிற்கவேண்டுமாம். சம்மதிக்கு முன்னர் அந்தத் தண்ணீர்ப் போத்தலின் கதையை அவனிடம் சொல்லியாக வேண்டும். விடுமுறை முடிய இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன.