மலிந்த தாளின் பிள்ளைகள்

ஈஸ்டர் நெருங்கும் வசந்த நாட்களில் மேலைநாட்டு வீடுகளில் ஒரு கைவேலை நடக்கும். மரத்திலோ காகிதக்கூழிலோ செய்த முட்டைக்கு வெள்ளை பூசி, பூப்போட்ட பேப்பர் நாப்கினின் மேல் படலத்தை மட்டும் உரித்தெடுத்து, பசை தடவி ஒட்டி, விளிம்புகளை வண்ணத்தால் மறைத்து வார்னிஷ் அடிப்பார்கள். இதன் பூர்வீகத்தைத் தேடப் புகுந்த எனக்கு, நெருங்கிய உறவு கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் செய்யும் கொலு பொம்மைகளில் தென்பட்டது. காகிதக்கூழ் பொம்மைக்கும் உள்ளே வெற்றிடம், உடம்பில் தாளும் பசையும், மேலே வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பியவை என்று சொல்ல வரவில்லை. எங்கே தாள் மலிந்ததோ அங்கே இந்தக் கலை தானே முளைத்தது என்பதே என் வாதம்.

முட்டையை அலங்கரிப்பது தாளைவிட எத்தனையோ மடங்கு பழையது. தென்னாப்பிரிக்காவின் டீப்க்ளூஃப் குகையில் கோடுகள் கீறிய நெருப்புக்கோழி முட்டை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. வயது ஏறத்தாழ 60,000 ஆண்டுகள். தவக்காலத்தில் கிறித்தவர்கள் முட்டை உண்ணாமல் இருந்ததால் வீட்டில் முட்டை சேர்ந்துபோனது. பண்டிகையன்று சாயமேற்றிப் பரிமாறினார்கள். 1290இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்கான செலவு பதிவாகியிருக்கிறது. இவற்றில் எதிலும் தாள் இல்லை. 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் கீழைநாட்டு அரக்குச் சாமான் வாங்க வசதியில்லாதவர்களுக்காக, அச்சடித்த படங்களை வெட்டி மரச்சாமான்மேல் ஒட்டி வார்னிஷ் பூசினார்கள். அதற்கென்றே பஸானோ நகரத்து ரெமொந்தீனி அச்சகம் படத்தாள்களை விற்றது. அச்சுத்தாள் கடைச்சரக்கான பிறகுதான் ஒட்டுக்கலை பிறந்தது. நாப்கின் முட்டை அதன் கடைக்குட்டி.

கடலூர்ப் பக்கத்துச் சான்றும் இதையே சொல்கிறது. உருவம் செய்யும் அறிவு இங்கே தாளுக்கு வெகுகாலம் முந்தியது. கெடிலம் ஆற்றங்கரையில் களிமண் உண்டு. சிதம்பரம் கோபுரங்களில் செங்கல் உடம்பின்மேல் சுதை சாத்தி வண்ணம் தீட்டினார்கள். அங்குள்ள சிவகாமியம்மன் சன்னிதி விதானத்தில் சுண்ணாம்புத் தளத்தின்மேல் நாயக்கர் கால ஓவியம் இருக்கிறது. உருவம், வெள்ளைத் தளம், வண்ணம் மூன்றும் கைவசம் இருந்தன. தாள் ஒன்றுதான் இல்லை. அது எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்குச் சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடி சாட்சி. அங்கே மதபோதகர் சீகன்பால்குவின் குழுவினர் 1714இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோது தாள் போதவில்லை. தாளை மிச்சப்படுத்த எழுத்துகளையே சிறிதாக வார்த்தார்கள். பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள். வேதநூலுக்கே தாள் தட்டுப்பாடான கரையில், அதை ஊறவைத்து இடித்துப் பொம்மை செய்ய யாருக்கு மனம் வரும்? மரக்கூழ்க் காகிதம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகெங்கும் விலையை இறக்கிய பிறகே பழைய செய்தித்தாள் எடைக்கு வந்தது. கடலூரின் காகிதப் பொம்மை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது என் கணிப்பு.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். முதலாவது, பக்கத்துப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் கற்றுத்தந்த வித்தை இது என்பது. ஆனால் 1690இலேயே கடலூரின் புனித டேவிட் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. இதே கலை பிரெஞ்சு ஆட்சி படாத தஞ்சாவூரிலும் தலையாட்டிப் பொம்மையாக நிற்கிறது. ஐரோப்பியர் தாளைக் கொண்டுவந்திருக்கலாம். தசாவதாரத்தையும் செட்டியார் பொம்மையையும் அவர்கள் கொண்டுவரவில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது. காஷ்மீரில் காகிதக்கூழ்க் கலை 15ஆம் நூற்றாண்டு சுல்தான் சைனுல் ஆபிதீன் காலத்தது என்பது மரபு. அப்போது தாள் மலிவா என்று கேட்கலாம். மலிவில்லைதான். அதனால்தான் அது பேனாப் பெட்டி போன்ற உயர்குடிச் சாமான்களாகவே வெகுகாலம் இருந்தது. அரண்மனைக்கு அரிய தாள் போதும். வீட்டுக்கு வீடு கொலுப்படி ஏற வேண்டுமென்றால் கழிவுத்தாள்தான் வேண்டும். அதே காஷ்மீரிகள் இன்று ஈஸ்டருக்காகக் காகித முட்டைகளை வண்ணமிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்புவதும், தாள் அரண்மனையிலிருந்து சந்தைக்கு இறங்கியதற்கு அடையாளம்.

களிமண் இருக்கத் தாள் எதற்கு என்றால், விடை எடையில் இருக்கிறது. மண் பொம்மை கனக்கும், வண்டி குலுங்கினால் உடையும். கூழ் பொம்மை லேசு, தொலைதூரம் தாங்கும். உள்ளூர்ச் சந்தைக்கு மண், சென்னைக்குக் காகிதம் என்று பிரிவது இயல்பு. ஆகவே ஒரு கைவினையின் பிறப்பிடத்தைத் தேடுகிறவர்கள், எந்த நாட்டார் கொண்டுவந்தார்கள் என்பதற்கு முன்னால், அதன் மூலப்பொருள் எந்த ஆண்டில் குப்பையானது என்று கேட்க வேண்டும். கேள்வியை எதிர்காலத்துக்கும் திருப்பலாம். செய்தித்தாள் படிப்பவர்கள் கைபேசிக்கு மாறுகிறார்கள். பழைய பேப்பர் வரத்துக் குறைந்து விலை ஏறினால், வண்டிப்பாளையத்தின் பொம்மை அச்சுகள் வேறொரு மலிவுப் பொருளைத் தேடும்; பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஏற்கெனவே போட்டியில் இருக்கிறது. கைத்திறன் அழியாமலே ஒரு கலை மறைய முடியும். காகிதப் பொம்மையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் விருது, கண்காட்சி ஆகியவற்றோடு நின்றுவிடாமல், கைவினைஞருக்குக் கழிவுத்தாள் மலிவாகத் தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.