தாத்தா எங்கே போகிறார்?

வயோதிகர்கள் தினமும் நடப்பது நல்லது என்று வைத்தியர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். வைத்தியர்கள் ஒரே குரலில் சொல்லும் விஷயங்கள் உலகத்தில் மிகச் சிலவே! ஆனால், நடக்கப் போன பெரியவருக்குத் திரும்பி வர வழி தெரியாமற் போனால் என்ன செய்வது? இக்கேள்வி இன்று அநேக குடும்பங்களில் எழுந்திருக்கிறது. நம் குடும்பத்திலும் எழுந்தது.

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறோமே, அந்த மறதியைச் சொல்லவில்லை. டிமென்ஷியா என்னும் மறதி நோயைச் சொல்கிறோம். அதில் மிகுதியாகக் காணப்படும் வகையை 1906-ஆம் வருஷத்தில் விவரித்தவர் ஆல்ஸ்ஹைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர். அந்நோய் பெரும்பாலும் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதன் அண்டைப் பகுதியையும் ஆரம்பத்திலேயே அரிக்கத் தொடங்குகிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை நமக்கு உணர்த்தும் அணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த மூவருக்கு 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்கும் நமக்கு இது நன்றாக விளங்கிற்று. பெரியவரின் தலைக்குள் இருந்த தேசப்படம் அழிந்து வருகிறது. கால்கள் மட்டும் பழைய பலத்தோடு இருக்கின்றன.

நம் சிற்றப்பாவுக்கு வயது 81. தபால் இலாகாவில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். மாலை நாலு மணி ஆனதும், "தபால் பை கட்டும் நேரம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு தடவை முன்பின் தெரியாத புண்ணியவான்கள் அழைத்து வந்து விட்டார்கள். பிறகு வாசற் கதவுக்குப் பூட்டு வந்தது. அவர் அரை மணி நேரம் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "நான் என்ன குற்றம் பண்ணினேன்?" என்று சித்தியைக் கேட்டாராம். சித்தியால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் ஜி.பி.எஸ். கருவியைப் பற்றிப் பேச்சு வந்தது. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களில் நாலாவது அனுப்பும் நேரக் குறிப்பைக் கொண்டு, இந்தச் சிறு கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. அதைக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் குறித்து வைத்தால், பெரியவர் அதைத் தாண்டியதும் மணி அடிக்கும். அமெரிக்க ராணுவம் தன் காரியத்துக்காக அமைத்த ஏற்பாடு இது. பொது ஜனங்களுக்குக் கிடைத்த குறிப்பை 2000-ஆம் வருஷம் மே மாதம் வரையில் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தார்கள்!

"கைதிக்குச் செய்கிற வேலையல்லவா இது?" என்று வீட்டில் ஒருவர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபந்தான். ஆகவே, சிற்றப்பாவுக்குப் புத்தி தெளிவாயிருந்த ஒரு காலை வேளையில் அவரிடமே விஷயத்தைச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, "யார் யார் பார்ப்பீர்கள்?" என்றார். சித்தியும் நாமும் மட்டுமே என்றோம். "சரி தம்பி, அவள் எப்படியும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்!" என்று சிரித்தார். பூட்டு கழன்றது. கருவி அவருடைய இடுப்பு பெல்ட்டில் ஏறிற்று.

கருவியைத் தெய்வமாக எண்ணிவிடக் கூடாது. அது இருக்கும் இடத்தைச் சொல்லும். பெரியவருக்குத் தாகமா, எதிரே லாரி வருகிறதா என்று சொல்லாது. கட்டடங்களுக்குள்ளே புள்ளி தவறிப்போகும். மின்கலம் தீர்ந்தால் ஊமை. மணி அடித்தவுடன் எழுந்து போக ஒரு மனிதர் வேண்டும். தெருமுனைத் தேநீர்க் கடைக்காரருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் தாத்தாவின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

நேயர்களில் யார் வீட்டிலாவது இந்நோய் தலைகாட்டியிருந்தால் நாம் சொல்லக்கூடியது ஒன்றே. பூட்டு வாங்குமுன், கருவி வாங்குமுன், பெரியவரைக் கேளுங்கள். எங்கே போக ஆசை, யார் தம்மைக் கவனிக்கலாம் என்று கேளுங்கள். சீக்கிரமே கேளுங்கள், பதில் சொல்ல அவரால் இயலும் காலம் அதிகமில்லை.